காலை இட்லி 11 மணிக்குள் காலி, இரவு பிரியாணி மட்டும் ஏன் விடியும்வரை நிற்கிறது?

மதியப்பசி:
காலை 8 மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போகிறேன், 11 மணிக்கெல்லாம் வயிறு கடமுடவென்று பக்கத்து சீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறது. சனிக்கிழமை இரவு 10 மணிக்கு மட்டன் பிரியாணி சாப்பிட்டால் விடியும்போதும் வயிறு கல் மாதிரி, ஏப்பத்தில் மசாலா வாசனை. வயிறு என்ன கணக்கில் சாப்பாட்டை இறக்கிவிடுகிறது? நிறைய தண்ணீர் குடித்தால் சீக்கிரம் இறங்குமா?

நர்சிங்_மூன்றாம்_ஆண்டு:
கணக்கு வைப்பது வயிறு இல்லை, குடல். இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு 3 தடவை இறுகி, சாப்பாட்டை வாசலில் மோதித் திருப்பி அனுப்பி மறுபடி அரைக்கும், 1-2 மில்லிமீட்டர் துகளானால்தான் வெளியே விடும். இட்லி ஏற்கனவே அரைத்த மாவு, அதற்கு வேலை குறைவு. மட்டன் அப்படி இல்லை. அப்புறம் நெய்யும் எண்ணெயும் சிறுகுடலைத் தொட்டதுமே கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து 'மெதுவாக அனுப்பு' என்று வயிற்றுக்குச் சொல்லிவிடும். தோராயமாக நிமிடத்துக்கு 2-3 கிலோகலோரிதான் இறங்கும். நாலு இட்லி 250 என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஒரு தட்டு பிரியாணி 800 என்று வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள், அதையும் சாப்பிட்ட கையோடு படுத்தால் ஏப்பம் வராமல் என்ன செய்யும்? தண்ணீர் சாப்பாட்டைத் தள்ளாது, அது பக்கவாட்டில் வழிந்து முதலில் போய்விடும்.

கரிசல்:
அந்த 11 மணி சத்தத்தைப் பசி என்று மட்டும் நினைக்காதீர்கள். வயிறு காலியானதும் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பலமான அலை கிளம்பி இரைப்பையிலிருந்து சிறுகுடல் கடைசிவரை மிச்சத்தைப் பெருக்கித் தள்ளிக்கொண்டு போகும். அரைபடாத தக்காளித் தோல், விதை எல்லாம் அப்போதுதான் வெளியேறும். மோட்டிலின் என்ற ஹார்மோன் கிளப்பிவிடுகிற வேலை இது. ஏதாவது வாயில் போட்டால் உடனே நின்றுவிடும், அதனால் நாள் முழுக்கக் கொறிப்பதை நான் விட்டுவிட்டேன்.

மதியப்பசி:
11 மணி காபியும் அதை நிறுத்துமா?

கரிசல்:
பாலும் சர்க்கரையும் போட்டால் நிறுத்தும், வயிற்றுக்கு அதுவும் சாப்பாடுதான்.

சின்னமகள்:
ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. காலையில் சாப்பிட்ட சோறு சாயங்காலம் பருக்கை பருக்கையாக அப்படியே வாந்தியில் வந்தது, நாங்கள் அஜீரணம் என்று பல மாதம் ஓமத் தண்ணீரே கொடுத்தோம். வயிற்றை இயக்குகிற நரம்பு பழுதாகியிருந்தது, காஸ்ட்ரோபரேசிஸ் என்றார்கள். இன்சுலின் ஊசி போட்ட பிறகும் சாப்பாடு குடலுக்கு இறங்காததால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும், அதுதான் எங்களை ரொம்பப் பயமுறுத்தியது. கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து 4 மணி நேரம் படம் எடுத்தார்கள், கடைசியில் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றில் மிச்சம் இருந்தால் தாமதம் என்று அர்த்தம். இப்போது குழைத்த சோறு, எண்ணெய் குறைவு, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. நார் அதிகமுள்ள கீரைத்தண்டு, முருங்கைக்காய் கிடையாது. வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்தால், தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள்.