புதுப்பிப்பு: மாதவிடாய் வலிக்கு மாத்திரை கேட்காத பிரச்சினை

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: குடியாத்தத்தில் இருக்கும் அக்கா மகளுக்கு 16 வயசு. தீட்டு வந்த முதல் ரெண்டு நாள் அடிவயிற்று வலி, வாந்தி, பேதி. மெஃபனமிக் ஆசிட்ங்கற வலி மாத்திரை போட்டும் கேட்கலை.

கைகொடுத்தது, "வலி ஏறுறவரை காத்திருக்காதீங்க, உதிரம் தெரிஞ்ச உடனே போடுங்க" என்ற யோசனை. கர்ப்பப்பை உள்சவ்வு உரியும்போது புரோஸ்டாகிளாண்டின்ங்கற வேதிப்பொருள் சுரந்து கர்ப்பப்பைத் தசையை இறுக்குது. மாத்திரை முக்கியமா அது புதுசா உருவாகறதைத் தடுக்கும். அதனால முன்கூட்டியே போட்டா நல்லா கேட்கும். வேலூரில் பார்த்த டாக்டர் அவளுக்கு எழுதிக்கொடுத்த அளவு: முதலில் 500 மில்லிகிராம், பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 250, அதிகபட்சம் 3 நாள். வெறும் வயித்தில் கூடவே கூடாது, ரெண்டு இட்லியாவது உள்ளே போகணும். பள்ளிக்கூடப் பையில் ஒரு மாத்திரை அட்டை எப்பவும் இருக்கட்டும்.

எதிர்பாராதது, பேதியும் குறைஞ்சது. குடலைக் கிளறுறதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான்.

வெந்நீர்ப் பையும் உதவுது. நம்ம ஊர் மே வெயிலில் வேண்டாம்னு தோணும். ஃபேனுக்குக் கீழே படுத்து, பையில் துணி சுத்தி 20 நிமிஷம் வெச்சா போதும்.

அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு உள்ளவங்க இந்த மாத்திரையைத் தொடாதீங்க. காய்ச்சலோட தடிப்பு வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரிடம் போங்க.

மூணு மாதம் முறையாப் போட்டும் குறையலைன்னாலோ, வலி வருஷா வருஷம் கூடினாலோ மகப்பேறு டாக்டரைப் பார்க்கணும். ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்ற நோய்) இல்லைன்னு அர்த்தமில்லை.