ரசாயன உரத்தை இந்த சம்பாவோட நிறுத்தணும், டெல்டா விவசாயிங்க என்ன சொல்றீங்க?

வெண்ணாறு:
போன வாரம் வயல்ல மம்பட்டிய போட்டு ஒரு கட்டி பேத்து எடுத்தேன். மேல நாலு வெரக்கடை தான் மண்ணு மாதிரி இருக்கு, அதுக்கு கீழ செங்கல் கணக்கா ஒரு தட்டு, பழைய நெல்லு வேரெல்லாம் அதுல முட்டி பக்கவாட்டுல படுத்து கெடக்கு. ஒரு மண்புழு கூட கண்ணுல படல. மண்வள அட்டையில கரிமச்சத்து 0.4 சதவீதம், 0.5க்கு கீழ போனாலே குறைவுன்னு தான் கணக்கு. யூரியா, டிஏபி, ரோட்டவேட்டர்னு முப்பது வருஷம் ஓட்டுனதோட பலன் இது. இந்த சம்பாவுல இருந்தே உரத்தை நிறுத்திட்டு பசுந்தாள் செடிய மடக்கி உழுறது, தழை வைக்கோலால மண்ண மூடுற மூடாக்கு, ஜீவாமிர்தக் கரைசல்னு மாறணும். இயற்கை விவசாயம் சொல்லிக்குடுத்த நம்மாழ்வார் ஐயா 2013ல போயிட்டாரு, நாம இன்னும் பேசிக்கிட்டே தான் இருக்கோம்.

கடைமடை:
அண்ணே உங்க அக்கறை புரியுது, ஆனா ஒரே போகத்துல நிறுத்தணும்ங்கறத ஒத்துக்கவே முடியாது. மொதல்ல அந்த தட்டு, சேத்து உழவு ஓட்டுற வயல்ல அது வரத்தான் செய்யும், அது இல்லன்னா தண்ணி நிக்காது, நெல்லுக்கு அது குறையே இல்ல. அடுத்து தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். சம்பா ரகத்துக்கு ஏக்கருக்கு 60 கிலோ வேணும், யூரியாவுல 46 சதவீதம் இருக்கு, அப்ப 45 கிலோ மூட்டை மூணு. ஜீவாமிர்தம்னா பத்து கிலோ சாணி, பத்து லிட்டர் கோமியம், ரெண்டு கிலோ பயறு மாவு, ரெண்டு கிலோ வெல்லம், 200 லிட்டர் தண்ணி. இதுல உள்ள தழைச்சத்த கூட்டிப் பாத்தா கால் கிலோ தேறாது. நுண்ணுயிருக்கு நல்லதுன்னு சொல்லுங்க கேக்கறேன், உரத்துக்கு பதிலுன்னு சொல்லாதீங்க. இலங்கையில 2021 மே மாசம் ரசாயன உர இறக்குமதிய ஒரேயடியா நிறுத்துனாங்க, நவம்பர்லயே வாபஸ் வாங்குனாங்க, அப்படியும் அந்த பெரும்போகத்துல நெல்லு படுத்துடுச்சு. கஷ்டப்பட்டது சம்சாரிங்க தான்.

செல்வி_மன்னார்குடி:
ரெண்டு பேரும் உரத்தையே புடிச்சுக்கிட்டு இருக்கீங்க, மண்ணுக்கு போய்க்கிட்டு இருந்தது எப்ப நின்னுச்சுன்னு பாருங்க. எங்க அப்பா தை அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி, நெல்லு நிக்கும்போதே, மண்ணு மெழுகு பதத்துல இருக்கப்ப உளுந்து தெளிப்பாரு. கையால அறுத்தா அந்த மொளைக்கு ஒண்ணும் ஆகாது, பனியிலயே வந்துடும், வேர்முடிச்சுல தழைச்சத்து மண்ணுக்கு சும்மா கெடைக்கும். இப்ப பெல்ட் வச்ச அறுப்பு மெஷின் இறங்கி மொளைய நசுக்கிட்டு போகுது, அதனாலயே எங்க தெருவுல பாதி பேரு உளுந்தையே விட்டுட்டாங்க. அப்புறம் மாசி பங்குனியில ராமநாதபுரம் பக்கத்துலேருந்து ஆடு மேய்க்கிற கீதாரிங்க வந்து மந்தைய ராத்திரி வயல்ல அடைச்சு கிடை கட்டுவாங்க, மறுநாள் காலையில வயல்ல காலு வச்சா புழுக்கையும் மூத்திர வாடையுமா இருக்கும், அந்த வயல்ல நாத்து எந்திரிக்கிற பச்சையே தனி. வைக்கோலையும் இப்ப கட்டு கட்டா சுத்தி வித்துடறோம். நெல்லு எடுக்கிற சாம்பல் சத்துல பெரும்பங்கு வைக்கோல்ல தான் இருக்கு, அத லாரியில ஏத்திட்டு பொட்டாஷ் மூட்டைய காசு குடுத்து வாங்குறோம்.

வெண்ணாறு:
அக்கா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. தம்பி, ஒரே போகத்துல நிறுத்துன்னு சொன்னத நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டு விதைய ஏக்கருக்கு 20 கிலோ தெளிச்சு பூக்குற நேரத்துல, 45 நாள்ல, மடக்கி உழுதா 25 கிலோ தழைச்சத்து வரும். மூணு மூட்டைய ரெண்டாக்கலாம்ல?

கடைமடை:
ஆக்கலாம், தண்ணி யாரு குடுப்பா? மேட்டூரு ஜூன் 12ல தொறந்தாலும் எங்க வாய்க்காலுக்கு வந்து சேர ஆடி ஆயிடும், வந்த ஒடனே வெதைக்கலைன்னா ஐப்பசி மழையில இளம்பயிரு முழுகும். இதுல 45 நாள எங்க சொருவுறது?

செல்வி_மன்னார்குடி:
கோடை மழையில தெளிங்க தம்பி. மொளைச்சிட்டா வறட்சியையும் தாங்கும் தண்ணியையும் தாங்கும், உங்க பக்கத்து உவர் மண்ணுக்கும் வரும்.

கடைமடை:
சித்திரையில ஒரு நல்ல மழை கெடைச்சா ஒரு மா நெலத்துல போடறேன்க்கா. யூரியாவ விட மாட்டேன், அதையும் சொல்லிடறேன்.

குத்தகைக்காரன்:
இவ்வளவு நேரம் படிச்சிட்டு தான் இருந்தேன். நாலு ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுனேன், ரெண்டு வருஷம் கிடை கட்டி, தக்கைப்பூண்டு மடக்கி, வைக்கோல வயல்லயே விட்டேன். மொத வருஷம் கைய கடிச்சது, ரெண்டாவது வருஷம் மண்ணு கால்ல பஞ்சு மாதிரி இறங்குச்சு. மூணாவது வருஷம் ஏக்கருக்கு ரெண்டு மூட்டை நெல்லு கூட தர்றேன்னு ஒருத்தர் கேட்டாருன்னு அவருக்கு விட்டுட்டாங்க. அந்த வெளைச்சல இப்ப அவரு அறுக்கிறாரு. மண்ணு தேற அஞ்சு வருஷம் ஆகும், எங்களுக்கு கையில இருக்கறது ஒரு வருஷம். வெண்ணாறு அண்ணே, நீங்க நெலத்த குத்தகைக்கு விட்டிருக்கீங்களா?

வெண்ணாறு:
ரெண்டு ஏக்கர் விட்டிருக்கேன், வருஷா வருஷம் பேசி தான். எழுதிக் குடுத்தா குத்தகைதாரர் சட்டத்துல நெலம் கைய விட்டு போயிடும்னு அப்பா பயந்தாரு, அந்த பயம் எனக்கும் இருக்கு, மறைக்க விரும்பல. நீங்க கேட்டதுக்கு அப்புறம் மனசு சரியில்ல. அஞ்சு வருஷம் உங்களுக்குதான்னு என் நெலத்த குத்தகைக்கு ஓட்டுறவர்கிட்ட இன்னிக்கே வாயால சொல்லிடறேன்.

குத்தகைக்காரன்:
எனக்கும் வாயால தான்ணே சொன்னாங்க.