மேகசின் பராக்ஸ் வாரிசுகள்

செவ்வாய், காலை 6:04

பூபதி அத்தை: [முன்னனுப்பப்பட்ட குரல் பதிவு 3:12]

பூபதி அத்தை: எல்லாரும் கேளுங்கள். அவசரம்

பூபதி அத்தை: தண்டபாணி கேட்டானா

செல்வி: அத்தை, குக்கர் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. என்னவென்று எழுதுங்கள்

பூபதி அத்தை: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்களைப் பிடிக்கிறார்களாம். சாட்ஸ்வர்த்தில் வீடு வீடாக வருகிறார்களாம். 12 மாதம் ஜெயில்

லோகன்: யார் சொன்னது

பூபதி அத்தை: எதிர்வீட்டு விமலா

லோகன்: விமலாவுக்கு யார் சொன்னது

பூபதி அத்தை: அவள் மச்சினி. மச்சினி பொய் சொல்ல மாட்டாள், கோவிலில் பூ கட்டுகிறவள்

செல்வி: ஐயோ. நான் ஞாயிற்றுக்கிழமை கூழுக்கு ஆள் கணக்குக் கேட்கத்தான் இங்கே வந்தேன். யார் யார் வருகிறீர்கள்? மாவை வெள்ளிக்கிழமையே ஊற வைத்தால்தான் இந்தக் குளிரில் புளிக்கும்

கவிதா: நாங்கள் நான்கு பேர். சனி இரவு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்புகிறோம்

பூபதி அத்தை: தண்டபாணி பதில் சொல்லடா

லோகன்: துறைமுகத்தில் காலை ஷிப்ட் அத்தை, 10 மணிக்குத்தான் போனைப் பார்ப்பான். அப்புறம், டேனியல் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான் :)

பூபதி அத்தை: தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தது நான்

7:20

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். பூபதி அனுப்பியதை இருமுறை கேட்டேன். பாதி சரி, பாதி புரளி. வீட்டுக் கல்வி தென்னாப்பிரிக்காவில் குற்றம் அல்ல. 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தில் 51ஆம் பிரிவே அதற்காக இருக்கிறது. மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதைத் திருத்திய புதிய சட்டத்தில் ஜனாதிபதி 2024 செப்டம்பர் 13 அன்று கையெழுத்திட்டார், டிசம்பர் 24 முதல் நடப்புக்கு வந்தது. அந்த 12 மாதம் என்பது நியாயமான காரணம் இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோருக்கு. முறையாகப் பதிவு செய்தவர்களுக்கு அல்ல. ஆனால் கிரேடு 3, கிரேடு 6, கிரேடு 9 முடிவில் தகுதியுள்ள ஒருவர் பிள்ளையை மதிப்பீடு செய்து எழுதித் தர வேண்டும். இது பற்றி டேனியலுக்கு நான் போன வருடமே சொன்னேன். "பார்க்கலாம் பெரியப்பா" என்றான். பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. இன்னொன்று, கவிதா நேற்று ஆங்கிலத்தில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருந்தாள். இந்தக் குழுவில் தமிழ் மட்டும் என்று முதல் நாளே முடிவு செய்தோம். நம் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில், இந்த நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகள் என்று தமிழும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. எழுதி வைத்தவர்களுக்கு இருந்த அக்கறை நமக்கு வேண்டாமா?

கவிதா: மன்னிக்கவும் பெரியப்பா

லோகன்: ஸ்டிக்கர் எந்த மொழி பெரியப்பா

செல்வி: லோகன்

பூபதி அத்தை: அப்போது ஜெயில் இல்லையா

பெரியப்பா: மேலே எழுதியிருக்கிறேன்

பூபதி அத்தை: கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை

8:47

ரூத்: எல்லாருக்கும் வணக்கம். அவர் வேலையில் இருக்கிறார். பெரியப்பா, எஸ்தருக்குப் பதிவுக் கடிதம் கையில் இருக்கிறது. யோசுவாவுக்கு விண்ணப்பம் போட்டு 5 மாதம் ஆகிறது, இன்னும் பதில் இல்லை. அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன், ஒரு தடவை கணினி வேலை செய்யவில்லை, இன்னொரு தடவை அந்த அம்மா விடுப்பில். எஸ்தர் இந்த வருடம் கிரேடு 6, யோசுவா கிரேடு 3. இரண்டு மதிப்பீடும் ஒரே வருடத்தில் வந்து நிற்கிறது. நேற்று இரவு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்

செல்வி: சாமுவேல்?

ரூத்: அவன் கிரேடு ஆர் அக்கா, ஒன்றாம் வகுப்புக்கு முந்தையது. இப்போது அதுவும் கட்டாயம்

பெரியப்பா: இதைத்தான் சொன்னேன்.

லோகன்: என் பிள்ளைகள் போகும் பள்ளியில் இப்படி எந்தத் தலைவலியும் இல்லை. கட்டணம்தான் தலைவலி

கவிதா: எதற்கு இப்போது அது

பெரியப்பா: ரூத், உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நெஞ்சில் இருப்பதைச் சொல்கிறேன். உன் மாமனாரும் நானும் டர்பனில் நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பராக்ஸில் பிறந்தவர்கள். எங்கள் அப்பா நகரசபையில் தெரு கூட்டினார். அந்தக் காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றால் ஊரார் பாதிப் பணம் சேர்த்துக் கட்ட வேண்டும், மீதிக்கு அரசு உதவும். கூலியில் மிச்சம் பிடித்து செங்கல்லுக்குக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். அப்படிக் கட்டியும் இடம் போதாமல் பிளட்டூன் வகுப்பு; காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். நான் மத்தியானக் கூட்டம், குளிர்காலத்தில் வீடு திரும்பும்போது இருட்டிவிடும். பிறகு இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி எங்களை அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கிருந்து பஸ் பிடித்து, படகு ஏறி சாலிஸ்பரி தீவுக்குக் கல்லூரி போனேன். பழைய கடற்படைக் கொட்டகைகள், அதுதான் இந்தியர்களுக்குக் கொடுத்த கல்லூரி. ஒரு கதவைத் திறக்க மூன்று தலைமுறை தள்ளினோம். அந்தக் கதவு திறந்து கிடக்கிறது, என் தம்பியின் பேரப்பிள்ளைகள் உள்ளே போகவில்லை. இதை எப்படி ஜீரணிப்பது?

செல்வி: பெரியப்பா, தண்ணீர் குடியுங்கள்

பூபதி அத்தை: அண்ணன் படகில் வாந்தி எடுப்பார்

லோகன்: ஹாஹா

பெரியப்பா: ஒரே ஒரு முறை.

9:30

ரூத்: பெரியப்பா, நீங்கள் சொன்னதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். யோசுவா "படகில் டிக்கெட் எவ்வளவு" என்று கேட்கிறான். நாங்கள் கதவை மூடவில்லை பெரியப்பா. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிகளை மூடியபோது எஸ்தர் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து நானே சொல்லிக் கொடுத்தேன், நான்கு மாதத்தில் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் திறந்தபோது அவர் "கர்த்தர் இந்த வழியைக் காட்டுகிறார்" என்றார். எனக்கு அப்போது அவ்வளவு நிச்சயம் இல்லை, இன்றும் சில நாள் இல்லை, அதை இங்கே சொல்வதில் வெட்கமில்லை. 4:45க்குக் குடும்ப ஜெபம், அவர் 5:15க்குக் கிளம்ப வேண்டும், சாமுவேல் போர்வையோடு வந்து மடியில் தூங்கிவிடுவான். 8 மணிக்குக் கணக்கு. பின்னம் சொல்லிக் கொடுக்க ரொட்டி மாவைத்தான் வெட்டுகிறேன், எட்டில் மூன்று பங்கை யோசுவா தின்றுவிட்டால் கழித்தலும் முடிந்தது. வியாழக்கிழமை சபைக் கூடத்தில் நான்கு குடும்பம் சேர்ந்து அறிவியலும் பாட்டும். நல்ல நாள் இப்படி. கெட்ட நாளில் ஜெபம் முடிந்து பத்து நிமிடத்தில் நான் கத்துவது பக்கத்து வீடு வரை கேட்கும், தண்ணீர் வராத நாளில் பாடம் கிடையாது, பக்கெட்டுதான். போன செவ்வாய் துணி மடித்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அதையும் நோட்டில் "வாழ்க்கைத் திறன்" என்று எழுதி வைத்திருக்கிறேன்

செல்வி: ரூத் :) :)

கவிதா: என் பிள்ளைகளுக்குத் துணி மடிக்கத் தெரியாது. 28 ஆயிரம் கட்டினோம், இன்னும் பாதி வருடம் இருக்கிறது

லோகன்: எதற்கு இப்போது அது

10:05

டேனியல்: இப்போதுதான் பார்த்தேன். 112 செய்தி. என்ன குடும்பம் இது

டேனியல்: பெரியப்பா, மரியாதையோடு சொல்கிறேன், பிள்ளைகளுக்கு எது முதலில் என்று தீர்மானிப்பது தகப்பன் பொறுப்பு. கணக்கும் முக்கியம்தான். ஆனால் விசுவாசம் வாரத்தில் ஒரு மணி நேரப் பாடம் இல்லை எங்களுக்கு. காலையிலிருந்து இரவு வரை அதற்குள்தான் இருக்கிறோம்

லோகன்: அப்பா கருமாதியிலும் இதையேதான் சொன்னாய்

டேனியல்: சரி, ஆரம்பித்துவிட்டாயா

லோகன்: தலை முடி எடுத்தது நான், கொள்ளிக்குடம் தூக்கியது நான். நீ கேட்டுக்கு வெளியே காரில்

லோகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: நீக்கினாலும் எல்லாரும் பார்த்துவிட்டோம் லோகன்

டேனியல்: காரில் உட்கார்ந்து அழுதேன் அண்ணா. உனக்கு அது தெரியாது

பூபதி அத்தை: [பூ படம்] இன்றைய நாள் இனிய நாளாகட்டும்

10:31

ஆயா: [குரல் பதிவு 0:48]

செல்வி: காது கேளாதவர்களுக்காக எழுதுகிறேன். அம்மா சொல்வது: "செத்தவரை விடுங்கள். எஸ்தர் எனக்குத் தினமும் தமிழ் வாசித்துக் காட்டுகிறாள், அவர்கள் வேதத்தைத்தான், எனக்கு என்ன, தமிழ்தானே. லோகன் பிள்ளைகள் போனில் ஹலோ ஆயா என்றால் அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை." அப்புறம் அண்டா எங்கே என்று கேட்கிறார்

லோகன்: அம்மா...

பெரியப்பா: எஸ்தர் தமிழ் வாசிக்கிறாளா? எழுத்துக் கூட்டியா, சரளமாகவா?

டேனியல்: சரளமாக

பெரியப்பா: யார் சொல்லிக் கொடுத்தது?

ரூத்: ஆயாதான். மத்தியானம் 2 மணிக்கு. பாடத்திட்டத்தில் இல்லை

10:44

ரூத்: பெரிய தாத்தாவே, நான் எஸ்தர். அம்மாவின் போனிலிருந்து எழுதுகிறேன். என் தகப்பனார்மேல் கோபங்கொள்ளாதிரும். படகில் வாந்தி பண்ணினீர் என்று அறிந்து துக்கமடைந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலே உம்மைக் காண்பேன்.

லோகன்: ஐயோ கடவுளே

கவிதா: என்ன அழகு

பூபதி அத்தை: பிள்ளை ஏன் நாடகத் தமிழில் பேசுகிறது

பெரியப்பா: பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்று சரியாக விழுந்திருக்கிறது, "தகப்பனார்மேல்" சேர்த்தே எழுதியிருக்கிறாள். 34 வருடம் நான் பாடம் நடத்தினேன். எஸ்தர், எனக்கு உன்மேல் கோபமில்லை, உன் அப்பாமேலும் அதிகம் இல்லை. "நீர்" என்பதை வீட்டில் பேசும்போது விட்டுவிடலாம் அம்மா, "நீங்கள்" போதும்.

செல்வி: பெரியப்பா, நீங்களே அந்த மதிப்பீட்டைப் பார்த்துக் கொடுக்கலாமே. வாத்தியார்தானே

டேனியல்: அது சரிவராது அக்கா, வெளி ஆள்தான் வேண்டும்

பெரியப்பா: சொந்தத் தாத்தா கையெழுத்தை எவன் ஒப்புக்கொள்வான்? ஆனால் கவிதாவின் தங்கை இன்னும் வேலையில்தானே இருக்கிறாள்? அவள் செய்யலாம்.

கவிதா: கேட்டுப் பார்க்கிறேன். அவளுக்கு இப்போது மதிப்பெண் போடும் வேலை. ஒன்றும் சொல்ல முடியாது

ரூத்: சபையில் ஒரு அக்கா இருக்கிறார், ஓய்வு பெற்றவர்...

பெரியப்பா: சபை ஆளும் சொந்தக்காரர் மாதிரிதான்.

டேனியல்: பெரியப்பா, அது நியாயமில்லை

செல்வி: ஞாயிறு நேரில் பேசுங்கள். இப்போது கூழ். டேனியல், நீங்கள் வருகிறீர்களா, இல்லையா?

டேனியல்: சபை முடிந்து 12:30க்கு வருவோம். படைத்ததைச் சாப்பிட மாட்டோம், தெரியும்தானே

பூபதி அத்தை: அம்மன் கூழை வேண்டாம் என்கிறானே

செல்வி: அத்தை, ஒவ்வொரு வருடமும் இதே. விளக்கேற்றும் முன்னாலேயே ஒரு சின்னப் பானையில் கூழும் கீரையும் பூசணிக் கறியும் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவேன். போன வருடமும் அப்படித்தான், யோசுவா மூன்று தடவை வாங்கினான். படைக்காத கூழும் அதே மக்காச்சோள மீலிமாவுதான், அதே புளித்த பால்தான்

டேனியல்: நன்றி அக்கா

பூபதி அத்தை: எனக்கு ஒப்பவில்லை. செய்யுங்கள்

செல்வி: இலை யார் கொண்டு வருகிறீர்கள்? எங்கள் வீட்டில் வேம்பு மாதிரி இருக்கும் சிரிங்கா மரம் குளிருக்கு மொட்டையாக நிற்கிறது. யார் வீட்டிலாவது வேப்பிலை இருக்கிறதா?

லோகன்: ஜோபர்க்கில் புல்லே இல்லை

கவிதா: மார்க்கெட்டில் கிடைக்கும், நான் வாங்கி வருகிறேன்

ஆயா: [குரல் பதிவு 0:09]

செல்வி: அண்டா

லோகன்: டேனியல் கல்யாணத்துக்கு எடுத்துப் போனது

டேனியல்: எங்கள் கல்யாணம் சபைக் கூடத்தில் நடந்தது, அங்கே பிரியாணி சமைத்தது வேறு ஆள். உன் மகள் காது குத்துக்குத்தான் அது போனது

லோகன்: அப்போது ஜோபர்க்கில் இருக்கிறதா?? கராஜில் பார்க்கிறேன்

11:58

பெரியப்பா: ஞாயிறு 11 மணிக்கே வந்துவிடுவேன். ரூத், எஸ்தரின் கணக்கு நோட்டையும் யோசுவாவின் வாசிப்புப் புத்தகத்தையும் எடுத்து வரச் சொல். பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறேன், சம்மதம் என்று சொல்லவில்லை. அந்த அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை உன்னோடு நானும் வரலாம், விண்ணப்பம் கொடுத்த ரசீது இருக்கிறதுதானே? இல்லாவிட்டால் வீட்டில் தேடு, அது இல்லாமல் போய் நிற்பது வீண்.

ரூத்: இருக்கிறது பெரியப்பா. சாமுவேல் அதன் பின்பக்கத்தில் ஒட்டகம் வரைந்திருக்கிறான்

பெரியப்பா: முத்திரை தெரிகிறதா?

ரூத்: ஒட்டகத்தின் வயிற்றில் தெரிகிறது

லோகன்: கராஜில் இல்லை

பூபதி அத்தை: [முன்னனுப்பப்பட்ட குரல் பதிவு 3:12]

பூபதி அத்தை: மன்னிக்கவும் விமலாவுக்கு அனுப்பப் போனேன்