டல்லாஸ் கடிகாரச் சிப்: அறுப்பதா, மாற்றுவதா?

பழையபெட்டி: என் பழைய 486 கணினியின் மதர்போர்டில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஹார்ட் டிஸ்க்கின் அளவைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டார் கணக்கை பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரலில்) புதிதாக அடிக்க வேண்டியிருக்கிறது. தேதியும் 1980-லேயே நிற்கிறது. காரணம் தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் நினைவில் வைக்கும் டல்லாஸ் டிஎஸ்1287, அதன் செல் செத்துவிட்டது. கடிகாரம், அதற்குத் துடிப்பு தரும் கிரிஸ்டல், லித்தியம் செல் மூன்றையும் ஒரே கருப்பு எபாக்சி (கெட்டிப் பிசின்) கட்டிக்குள் மூடிய சிப். பத்து வருடத்துக்குச் செய்தது, முப்பது ஆகிவிட்டது. அறுத்து வெளியே செல் வைக்கவா, புதுசு போடவா?

ஈயப்புகை: அறுங்கள் அண்ணா. சிப்பின் 16, 20 எண் கால்கள் இரண்டும் கீழே இறங்காமல் மேலே மடிந்து செல்லுக்குப் போகின்றன. 16 மைனஸ், 20 பிளஸ். அந்தப் பக்கத்தைச் சின்ன அரத்தால் தேய்த்தால் கருப்புக்கு நடுவே பளிச்சென்று உலோகம் தெரியும். இரண்டு ஒயர், சிஆர்2032 என்ற நாணய வடிவச் செல்லுக்கு ஒரு ஹோல்டர் போதும்.

கால்24: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் முதலில் தேய்த்த சிப்பில் 20-ஆம் கால் அடியோடு உடைந்துவிட்டது. ஒயர் பற்ற நுனிகூட மிஞ்சவில்லை. டிஎஸ்12885 என்பது இதே வேலையைச் செய்யும், செல்லும் கிரிஸ்டலும் இல்லாத சிப். அதை வைத்துச் செய்த குட்டி போர்டுகள் கிடைக்கின்றன. பழைய சிப்பைக் கழற்றி, அந்த இடத்தில் செருகிக் கழற்றும் சாக்கெட் வைத்து அதைப் போடுங்கள். அடுத்த தடவை செல்லை மட்டும் மாற்றினால் போதும்.

ஈயப்புகை: சாக்கெட் ஏற்கெனவே இருந்தால் சரி. நேரடியாகச் சால்டர் செய்திருந்தால்? கால் இறங்கும் எல்லாத் துளைகளையும் சூடாக்கிச் சிப்பைக் கழற்றும்போது ஒரு துளையின் செம்பு பிய்ந்தாலும் போர்டு போச்சு. சிப் போனால் இன்னொன்று வாங்கலாம், முப்பது வருடப் போர்டுக்கு எங்கே போவது?

கால்24: அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் நீங்கள் முக்கியமான ஒன்றைச் சொல்லவில்லை. பழைய செல்லைத் துண்டிக்காமல் புதுசை இணைத்தால், செத்த செல் புதுசை உறிஞ்சிவிடும்.

ஈயப்புகை: உண்மை, விட்டுவிட்டேன். 16-ஆம் காலைச் செல்லுக்குப் போகும் வழியில் முழுசாக வெட்ட வேண்டும். ஒயர் வெட்டுக்குக் கீழே, சிப் பக்கத் துண்டில்.

பழையபெட்டி: போர்டைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். சாக்கெட் இல்லை, நேரடி சால்டர்தான்.

கால்24: அப்படியென்றால் அறுங்கள், ஆனால் மோட்டார் கருவி வேண்டாம், கை அரம்தான். எபாக்சித் தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போடுங்கள். வெட்டியதும் மல்டிமீட்டர் வையுங்கள். வெட்டின இரண்டு முனைக்கும் நடுவே தொடர்பு காட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். அதன் பிறகுதான் ஹோல்டர்.