சாரல் காலத்தில் மாடல் கார்களின் அடியில் வெண்பொடி

செங்கோட்டையிலிருந்து:
வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக டைகாஸ்ட் கார்களை, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த சிறு மாடல் கார்களை, சேர்த்து வருகிறேன். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுச் சுவரே வியர்த்துவிடும். சென்ற வாரம் அலமாரியைத் திறந்தபோது, 1:43 அளவு (அசலில் 43-இல் ஒரு பங்கு) வெள்ளை அம்பாசடரின் அடித்தகட்டில், ரிவெட்டைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெண்பொடி படிந்திருந்தது. டயர்கள் பெட்டியின் பிளாஸ்டிக் தளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தெடுத்தால் அரை நெல் அளவுக்குக் குழி. என் தந்தை வாடகைக்கு ஓட்டிய வண்டியின் சாயல் என்பதால் மனம் ஆறவில்லை. இது ‘சிங்க் பெஸ்ட்’ (zinc pest) என்னும் துத்தநாக அரிப்புதானா?

பாலக்காடு, சித்தூரிலிருந்து:
ஐயா, பதற வேண்டாம். இந்தக் கார்களின் உடல் இரும்பு அன்று. துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவை சேர்ந்த ‘சமாக்’ என்னும் கலவை. அதில் ஈயம் மாசாகக் கலந்துவிட்டால், வார்ப்பின் உட்துகள்களுக்கு இடையே அரிப்பு பரவி, உலோகமே வீங்கி, வளைந்து, வெடித்து உதிரும். அதுதான் சிங்க் பெஸ்ட். 1930களில் வந்த ‘டிங்கி’ என்னும் பிரிட்டிஷ் பொம்மை கார்கள் பலவும் அப்படித்தான் அழிந்தன. அதற்கு மருந்தில்லை, ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். ஆனால், ஒரு காரிலிருந்து அடுத்த காருக்கு அது தொற்றாது. உலர்ந்த மெல்லிய துணியால் அந்தப் பொடியைத் துடைத்துப் பாருங்கள். அடியில் உலோகம் வழவழப்பாக, விரிசலின்றி இருந்தால் அது ஈரத்தால் மேலே பூத்த படிவு மட்டுமே. பெயின்டில் வலைபோலக் கீறல் ஓடினாலோ, கதவு இடுக்கு கோணலானாலோதான் கவலைப்பட வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
அண்ணாச்சி, டயர் ஒட்டியதற்குக் காரணம் வேறு. மென்மையான பிவிசி டயரில், அதை வளையும்படி வைக்கச் சேர்த்துள்ள இளக்கி (plasticizer) மெல்லக் கசிந்து, கீழே உள்ள பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. அடித்தகட்டுக்குக் கீழே சிறு கட்டை கொடுத்து, டயர் தளத்தில் படாதபடி காரைத் தூக்கி வையுங்கள். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். அட்டைப்பெட்டியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், மழைக்காலத்தில் நான் இறுக மூடும் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். அவற்றில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு உண்டு. அதனால், உலர்த்தி மறுபடி பயன்படுத்த அவற்றைச் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆரஞ்சு நிற மணிகளையே வாங்குங்கள்.

செங்கோட்டையிலிருந்து:
இருவருக்கும் நன்றி. துடைத்துப் பார்த்தேன், அடித்தகடு வழவழப்பாகவே இருக்கிறது, விரிசல் ஒன்றும் இல்லை. சக்கரங்களை இணைக்கும் எஃகுக் கம்பியில் மட்டும் செந்துரு தெரிந்தது. தையல் இயந்திர எண்ணெயை ஊசிமுனையால் ஒரு துளி தொட்டு வைத்தேன். சக்கரம் முன்போலவே சுழல்கிறது.