ஞாயிறு சாப்பாடு: குடும்ப குரூப்

பெரியப்பா: ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றீங்கல்ல? சமையல் முழுக்க வீகனாமே நெஜமாவா

நான்: ஆமா பெரியப்பா. பால் நெய் தயிர் முட்டை தேன் எதுவும் கிடையாது. ஆனா யாரும் அரை வயித்தோட எந்திரிக்க மாட்டீங்க அதுக்கு நான் பொறுப்பு

பெரியப்பா: வீகனா இருக்குற உன் தம்பி ஒருத்தனுக்காக எல்லாரும் பத்தியம் இருக்கணுமா மா? அவனுக்கு மட்டும் தனியா ரெண்டு ஐட்டம் பண்ணிட்டா போதாதா

தம்பி: பெரியப்பா தனியா ரெண்டு ஐட்டம்னா என்ன வரும்னு எனக்கு நல்லா தெரியும், வேக வச்ச காய் கொஞ்சம் சாலட் கொஞ்சம். அத பாத்துட்டு எல்லாரும் ஐயோ பாவம் இதத்தான் தினமும் சாப்பிடுறானான்னு கேப்பாங்க

நான்: அவன் சொல்றது சரி. வீகன் பிடிக்காதுன்னு சொல்றவங்கள்ல நெறைய பேர் சாப்பிட்டது உப்பு உறைப்பு எண்ணெய் எதுவும் சரியா இல்லாம பண்ண ஒரு தட்ட. அது சமையலோட குத்தம், காயோட குத்தம் இல்ல. கறியையும் வெண்ணெயையும் எடுத்துட்டு அந்த எடத்த அப்படியே காலியா விட்டா யாருக்குத்தான் பிடிக்கும்

சித்தி: அந்த எடத்துல என்ன வைப்ப கண்ணு, அத சொல்லு. கறிக்கு ஒரு ருசி இருக்குல்ல அது காய்ல வராது

நான்: வரும் சித்தி. கறிக் குழம்புல நாக்க சுண்டுற அந்த ருசிக்கு உமாமின்னு பேரு. 1908ல ஜப்பான்ல இகேடான்னு ஒரு விஞ்ஞானி அத கண்டுபிடிச்சாரு, எதுல இருந்து எடுத்தாரு தெரியுமா, கறியில இருந்து இல்ல, கொம்புங்கற கடல் பாசியில இருந்து. அந்த ருசிய தர்ற பொருளுக்கு குளூட்டமேட்னு பேரு. தக்காளி, சோயா சாஸ், காளான் எல்லாத்துலயும் இருக்கு. காஞ்ச ஷிடாகே காளான்ல குவானிலேட்னு இன்னொன்னும் இருக்கு, அது குளூட்டமேட்டோட சேந்தா ருசி பல மடங்கு ஏறும். அதனால காஞ்ச காளான ஊற வச்ச தண்ணிய கீழ ஊத்திடாதீங்க, அதுதான் குழம்புக்கு உயிரே

தம்பி: அக்கா அந்த வறுக்குற விஷயத்த சொல்லு

நான்: அதான் இதுல பெரிய விஷயம். காளான பாத்திரம் நெறைய கொட்டிட்டா தண்ணி விட்டு அதுலயே வெந்துடும், தண்ணி இருக்குற வரைக்கும் சூடு 100 டிகிரிக்கு மேல போகாது, ஆனா செவந்து வாசம் வர்றதுக்கு சுமார் 140 டிகிரியாவது வேணும். கறி வறுபடும்போது வர்ற வாசமும் ரொட்டி மேல்பக்கம் செவக்குற வாசமும் காலிஃபிளவர் ஓரம் செவக்குற வாசமும் எல்லாம் ஒரே வகை ரசாயன மாற்றம், 1912ல மயார்ங்கறவர் எழுதி வச்சது. அதனால அகலமான பாத்திரம், நல்ல சூடு, கொஞ்சம் கொஞ்சமா போடணும், போட்டதும் கிளறிட்டே இருக்கக் கூடாது. இத மட்டும் சரியா பண்ணாலே சாப்பிடுறவங்க மனசு பாதி மாறிடும்னு நான் நம்புறேன்

சித்தி: டோஃபு, அதான் அந்த சோயா பால் பன்னீர், நான் ஒரு தடவ பண்ணேன், ரப்பர கடிக்கிற மாதிரி இருந்துச்சு, மசாலா ருசியே உள்ள இறங்கல

நான்: அத முழுசா உறைய வச்சு எடுத்து பாருங்க சித்தி. உள்ள இருக்குற தண்ணி ஐஸ் ஆகும்போது ஓட்டை ஓட்டையா ஆயிடும், அப்புறம் ஐஸ் விட்டதும் நல்லா பிழிஞ்சுட்டு சாஸ்ல போட்டா உள்ள வரைக்கும் இழுத்துக்கும். மேல கார்ன்ஃப்ளார் மாவு தூவி வறுத்தா மொறுமொறுன்னு வரும்

அத்தை: கிரீம் மாதிரி கெட்டியா வேணும்னா என்ன பண்ணுவ? பால் இல்லாம இனிப்பு வேற

நான்: ஊற வச்ச முந்திரிய மையா அரைச்சா கிரீம் கணக்கா வரும் அத்தை. வாசனையில நெறைய கொழுப்புலதான் கரையும், அதனால எண்ணெய்ய பாத்து பயந்து குறைச்சா ருசியும் போயிடும். இனிப்புக்கு கொண்டைக்கடலை வேக வச்ச தண்ணி இருக்குல்ல, பிரான்ஸ்ல ஜோயல் ரோசல்னு ஒருத்தர் 2014ல அத அடிச்சா முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கும்னு காட்டினாரு. அதுல மெரிங் பண்றேன், அந்த நுரையில சர்க்கரை சேத்து சுடுற மொறுமொறு இனிப்பு

அத்தை: 😮😮

பெரியப்பா: இவ்ளோ பண்ணி கறி மாதிரியே ஒன்னு செய்யப் போறியா

நான்: இல்ல பெரியப்பா. கறி மாதிரின்னு சொல்லி வச்சா வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே ஒப்பிட ஆரம்பிச்சுடுவீங்க. பழக்கம் மாத்துறவங்களுக்கு அது உதவும், வேணாம்னு சொல்லல. எனக்கு காளான் காளானாவே நல்லா இருக்கணும்

நான்: சூட்சுமம் பேருலயும் இருக்கு. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி கேன்டீன்ல ஒரே காய ஒரே மாதிரி சமைச்சு பேர மட்டும் மாத்தி வச்சு பாத்திருக்காங்க, 2017ல வந்த ஆய்வு. கொழுப்பு குறைவு சர்க்கரை இல்லன்னு எழுதினத விட நாவூற வைக்கிற பேர் வச்சப்போ 41 சதவீதம் அதிகம் பேர் எடுத்துருக்காங்க. அதான் எதெல்லாம் இல்லன்னு எழுத மாட்டேன், தீயில செவந்த காலிஃபிளவர், மிளகு தூக்கலான காளான், அப்படித்தான் எழுதி வைப்பேன்

சித்தி: வீகன்னு சொல்லாம பரிமாறினா ஏமாத்துறதாகாதா மா

நான்: மறைக்கக் கூடாது சித்தி, அதுல நான் கறாரா இருப்பேன். யாரு கேட்டாலும் என்னென்ன போட்டேன்னு சொல்லுவேன். சாப்பிட்டப்புறம் பாத்தியா உனக்கே தெரியலன்னு யாரையும் மடக்கவும் கூடாது, ஒருத்தர அவமானப்படுத்திட்டு மனச மாத்த முடியாது. முந்திரி சோயா ரெண்டும் சிலருக்கு அலர்ஜி ஆகும், அதுக்கு தனியா சீட்டு வைப்பேன்

அத்தை: ருசி சரி. உடம்புக்கு சத்து? அவன் எளச்ச மாதிரி இருக்கான்

தம்பி: பருப்பு பயறு சோயால புரோட்டீன் வருது அத்தை. வைட்டமின் பி12 மட்டும் செடிகொடியில நம்பி எடுக்குற மாதிரி கிடைக்காது, அதுக்கு மாத்திரை போடுறேன்

அத்தை: விடாம போடு ராசா

பெரியப்பா: சரிமா. ஆனா ருசி இல்லன்னா மொகத்துக்கு நேரா சொல்லிடுவேன்

நான்: கண்டிப்பா சொல்லுங்க பெரியப்பா. நல்லா இல்லன்னு மட்டும் சொல்லாம உப்பா புளிப்பா எண்ணெய்யா எது குறையுதுன்னும் சொல்லுங்க, அங்கயே சரி பண்ணிடலாம், முக்கால்வாசி நேரம் கடைசியா ரெண்டு சொட்டு எலுமிச்ச போதும்

பெரியப்பா: காளான் நான் வாங்கிட்டு வரேன், எவ்ளோ?

நான்: ரெண்டு கிலோ. வறுத்தா சுருங்கிடும் அதனால குறைச்சுடாதீங்க

சித்தி: என்கிட்ட அகலமான இரும்பு சட்டி ரெண்டு இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்