வீடு தேடும் முன் 'லெட்' என்ற வினையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் 'டு லெட்' பலகையைப் பார்த்தே வளர்ந்த நம்மில் பலர், அந்த வினை யாருடைய செயல் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்கிறவர்கள் இதைத்தான் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வீட்டு உரிமையாளர் வாடகைக்கு விடுவது 'லெட்'. நீங்கள் வாடகைக்கு எடுப்பது 'ரென்ட்'. "ஐ வான்ட் டு லெட் எ ஃபிளாட்" என்று முகவரிடம் சொன்னால், உங்களிடம் வீடு இருக்கிறது, அதற்கு ஆள் தேடுகிறீர்கள் என்றே அவர் புரிந்துகொள்வார். அமெரிக்காவில் இரு தரப்பினரும் 'ரென்ட்' என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் இல்லை.

விளம்பரத்தில் 'லெட் அக்ரீட்' என்றிருந்தால், வேறொருவருடன் வாடகை பேசி முடித்தாயிற்று என்று பொருள். அதற்காகக் காத்திருக்காமல் அடுத்த வீட்டைப் பாருங்கள். 'லெட்டிங் ஏஜென்ட்' என்பவர் நம் ஊர் வீட்டு புரோக்கரைப் போன்றவர்தான் என்றாலும், இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் அவர் வாடகைதாரரிடம் தரகுக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக உள்ள வீட்டுக்கு டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது என்பதோடு, வழக்கமான குத்தகையில் அந்தத் தொகையை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் கொண்டுவரவும் வேண்டும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பழகிய நம்மவர்கள், கேட்டதைக் கேள்வியின்றிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நண்பர் தம் வாடகை வீட்டில் ஓர் அறையை உங்களுக்கு விட்டால் அது 'சப்லெட்'. உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பேச்சில் வரும் தவறுகளுக்குக் காரணம் நம் 'விடு' என்ற வினை. "என்னைப் பேச விடுங்கள்", "பையை இங்கேயே விட்டுவிட்டு வா", "என்னை ஸ்டேஷனில் விட்டுவிடுங்கள்" ஆகிய மூன்றையும் நாம் ஒரே வினையால் சொல்கிறோம்; ஆங்கிலத்தில் முதலாவது 'லெட்', இரண்டாவது 'லீவ்', மூன்றாவது 'டிராப்'. "லீவ் மி அட் தி ஸ்டேஷன்" என்றால் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுங்கள் என்பது போன்ற தொனி வந்துவிடும். 'லெட் மி செக்' என்பதில் நடுவே 'டு' சேர்க்கக் கூடாது. இறந்த காலத்திலும் 'லெட்' மாறாது.

அலுவலகத்தில் "வி ஹேவ் டு லெட் யூ கோ" என்று மேலாளர் சொன்னால், உங்களை வேலையிலிருந்து நீக்குகிறார்கள் என்றே பொருள். அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை முடிந்த பிறகு அதிகபட்சம் 60 நாள் அவகாசமே உண்டு. விசாக் காலம் அதற்கு முன்பே முடிந்தால் அதுவும் குறையும். சொல்லும் விதம் மென்மையாக இருக்கிறதே என்று எழுந்து வந்துவிடாமல், பணியின் கடைசி நாள் எது என்பதை அந்தச் சந்திப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.